இடது பக்கக் கண்ணாடி

ஸ்ரீரங்கம்
9.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு, பானு எழுதிக்கொண்டது.

தங்கச்சி எதற்குத் திடீரென்று இன்லாண்ட் லெட்டர் போடுகிறாள் என்று திகைக்க வேண்டாம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் உங்கள் மருமகள் ஹாலில் உட்கார்ந்து வீட்டுக்கே வாசித்துக் காட்டிவிடுகிறாள். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன். என் கடிதத்துக்கு யாராவது குத்தட்டுமே.

விஷயம் இதுதான். காரை விற்கப் போகிறோம். என்னைத் தை மாதத்துக்குள் சென்னைக்கு அழைத்துப் போவதென்று ஜெயக்குமார் முடிவு செய்துவிட்டான். இந்த வீட்டையும் வாடகைக்கு விடுகிறானாம். "அம்மா, உன்னை இனிமே தனியா விட எனக்குப் பயமா இருக்கு" என்கிறான். அவன் பயத்தில் தப்பில்லை. உங்கள் பெண் ஸ்ரீவித்யா கல்யாணத்துக்கு முதல் நாள் நான் செய்த காரியத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பயம் வரும். அன்றைக்கு என்னிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டவன், பதினாலு மாதமாகத் திருப்பித் தரவில்லை.

போன வாரம் அவன் வந்திருந்தபோது ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். எல்லாம் பிடித்திருந்தது. முன்பக்கம் இடது கதவருகே வந்ததும் நின்றுவிட்டார். கல்யாண மண்டபத்தில் நீங்கள் கண்ணாடிமேல் ஒட்டிய பழுப்பு டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. சுவிட்சை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. "பவர் விண்டோவைச் சரி பண்ணி வைங்க, எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

ஜெயக்குமார் வண்டியை மேலூர் ரோட்டில் நஜிமுதீன் என்கிற மெக்கானிக்கின் ஷெட்டில் விட்டிருக்கிறான். சாவியை அவரிடம் கொடுக்கும்போது, "அம்மா கேட்டாலும் கொடுத்துடாதீங்க பாய்" என்று என் முன்னாலேயே சொன்னான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடைசியா இந்தக் கதவைப் பிரிச்சது யாரும்மா? என்ன மாத்தினாங்க?" என்று நஜிமுதீன் பாய் கேட்கிறார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நீங்கள்தானே சரி செய்து கொடுத்தீர்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கையோடு கையாக, புடவைக்காக இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் மனசு ஆறவில்லை.

பானுமதி

---

திருவெறும்பூர்
14.11.2025

பானுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் உன் அண்ணி மீனாம்பாளும் சௌக்கியம். ஸ்ரீவித்யாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. தை பிறந்ததும் வளைகாப்பு.

காரை இருக்கிற நிலையிலேயே விற்றுவிடு. பதினாறு வருஷத்து வண்டிக்குக் கண்ணாடி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஷெட்காரர்கள் ஒன்றைப் பிரித்தால் நாலைக் கெடுப்பார்கள். முப்பத்து நாலு வருஷம் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் கை வைத்த கதவு அது. ஒரு பாய் வந்து அதில் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்? கேபிளை டைட் செய்து கிரீஸ் போட்டேன். அவ்வளவுதான். அவரைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்.

புடவைப் பேச்சை இன்னும் எதற்கு எடுக்கிறாய்? யாரும் உன்னைக் கேட்கவில்லை. சென்னைக்குப் போவது உனக்கும் நல்லதுதான். பிள்ளையோடு இருந்தால் நமக்கும் கவலையில்லை.

அழகிரி

---

ஸ்ரீரங்கம்
20.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

தாயார் சன்னதியில் வைத்து எடுத்த கூரைப்புடவையை, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வந்து காத்திருக்கிற மண்டபத்துக்கு நான்தான் கொண்டுவருவேன் என்று ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன். இடது பக்க சீட்டில் பையை வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூ வாங்க இறங்கி, மறுபடி ஒரு தடவை அந்தக் கதவைத் திறந்து, பை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சாத்தினேன். கண்ணாடி மேலே இருந்தது. அதை என் கண்ணால் பார்த்த ஞாபகம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டு, கடையோரம் ஒதுங்கி, கால் மணி கழித்து ஓடிவந்து பார்க்கிறேன், கண்ணாடி முழுசாக இறங்கிக் கிடக்கிறது. சீட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அரக்குச் சாயம் ஜரிகை மேலெல்லாம் ஓடியிருக்கிறது.

"ரெண்டு நாளைக்கு அந்த சுவிட்சைத் தொடாதே, கிரீஸ் செட் ஆகட்டும்" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அப்படியும் காற்றுக்காக நான் இறக்கியிருக்கிறேன். இறக்கியது சுத்தமாக நினைவில்லை. மேலே இருந்ததாகத்தான் நினைவிருக்கிறது. அது பொய்யென்றால், வேறு எதெல்லாம் பொய்?

அண்ணா, இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறேன். மூன்று தடவை. கேஸை மூடினேனா என்று அடுப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். எதிர்வீட்டு லூர்துராணி ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னக்கா, பூட்டோட சண்டையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தில்லைநகரில் ஞாபகமறதி டாக்டரிடம் போனேன். மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா" என்றார். அவர் அன்றைக்குச் சத்திரத்தில் இல்லையே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் செய்து கொடுத்தபோது கண்ணாடி நன்றாக ஏறி இறங்கியதுதானே? மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் அப்படித்தான் சொன்னீர்கள். இன்னொரு தடவை எழுதி அனுப்புங்கள். எனக்குத்தான் புத்தி பிசகியது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், சென்னைக்கு மூட்டை கட்டிக்கொண்டு நிம்மதியாகப் போவேன்.

நஜிமுதீன் பாய்க்கு ஒன்றாம் தேதிக்கு மேல்தான் நேரமாம்.

பானு

---

திருவெறும்பூர்
27.11.2025

பானுவுக்கு,

இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். மணப்பாறைக்கு ஒரு வேலையாகப் போனேன், உனக்கு முறுக்கு வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது.

நீ டாக்டரிடம் போனது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

நான் வரும்வரை கதவைப் பிரிக்க வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். எப்போது வருவேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. முழங்கால் வலி.

அழகிரி

---

ஸ்ரீரங்கம்
4.12.2025

அண்ணனுக்கு,

முறுக்கு வந்தது. நன்றாக இருந்தது.

நேற்று நஜிமுதீன் பாய் கதவைப் பிரித்தார். நானும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்பலகையைக் கழற்றியதும் கதவுக்கு அடியில் கைவிட்டு ஒரு மரக்கட்டையை எடுத்தார். கையகலம், நல்ல தேக்கு, ஒரு முனை ஆப்பு மாதிரி சீவியிருக்கிறது. கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற கேபிள் அறுந்து சுருண்டு கிடந்தது. மோட்டாருக்குப் போகிற வயர் தானாகக் கழன்ற மாதிரி இல்லை, யாரோ பிடுங்கிவிட்டது என்றார்.

"கண்ணாடிக்குக் கட்டையை அண்டக் கொடுத்திருக்காங்கம்மா. நாலு தடவை கதவைச் சாத்தினா கட்டை சாஞ்சிடும், கண்ணாடி தானா கீழ போயிடும். யாரு பார்த்த வேலை இது?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

பானுமதி

---

திருவெறும்பூர்
11.12.2025

பானு,

ஒரு வாரமாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இனிமேல் சுற்றி வளைக்க வழியில்லை. கட்டை நான் வைத்தது.

நீ வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று பிரித்துப் பார்த்தேன். கேபிள் அறுந்திருந்தது. முழு செட்டாக மாற்ற வேண்டும். பாலக்கரை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டதற்கு, பழைய மாடல், சென்னையிலிருந்து வர ஐந்து நாளாகும் என்றார்கள். கல்யாணமோ மூன்றாம் நாள். கல்யாணம் முடியட்டும், அதுவரை வேலை செய்யாது என்று உன்னிடம் சொல்லியிருந்தால் முடிந்தது. நீ என்ன சொல்லியிருப்பாய்? சரி அண்ணா என்றிருப்பாய். ஆனால் நீ மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் முன்னால், "எங்க அண்ணன் தொட்டா எதுவும் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். என்னால் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்ரீவித்யாவுக்குக் கட்டில் செய்ததில் மிஞ்சிய தேக்கை எடுத்துச் சீவினேன். கண்ணாடியைக் கையால் மேலே ஏற்றி, அடியில் கட்டையைக் கொடுத்தேன். நீ சுவிட்சைப் போட்டாலும் ஒன்றும் ஆகாதபடி மோட்டார் வயரைப் பிடுங்கினேன். பிறகு கிரீஸ் என்று ஒரு கதை சொன்னேன். நாலு நாள் தாங்கும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்ததும் பார்ட் வாங்கி, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்பது கணக்கு.

நீ நனைந்த பையோடு மண்டபத்துக்குள் வந்தபோது எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் எடுத்தேன். அதற்குள் சம்பந்தியம்மா, "இதையெல்லாம் அவங்க கையில எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். தாலி அறுத்தவள் கையில் என்பதைத்தான் அப்படிக் கேட்டார்கள். அது உனக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அன்று என் காது நன்றாகவே கேட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். நான் என்ன சொன்னேன்? "நான் கொடுக்கும்போது நல்லாத்தான் ஏறி இறங்குச்சு. இவதான் இறக்கிட்டு மறந்துட்டா. வயசாயிடுச்சு, இவளுக்கு வண்டி எதுக்கு?" நூறு பேர் முன்னால் சொன்னேன். அதோடு நிற்காமல் வெளியே போய்க் கண்ணாடியைக் கையால் ஏற்றி டேப் ஒட்டினேன். ரப்பர் நனைந்திருக்கிறது, காயட்டும் என்று உன்னிடம் இன்னொரு பொய்.

ஜெயக்குமார் அங்கேயே உன் கையிலிருந்து சாவியை வாங்கினான். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீனாம்பாள் எப்போதாவது, "பாவம் பானு" என்று ஆரம்பிப்பாள். உடனே காது மிஷினைக் கழற்றிவிடுவேன். பாட்டரி போய்விட்டது என்று சொல்லுவேன். பதினஞ்சு மாதமாக என் வீட்டில் பாட்டரி போய்க்கொண்டே இருக்கிறது.

உனக்கு ஒன்றும் மறக்கவில்லை. கண்ணாடி மேலேதான் இருந்தது. நீ பார்த்தது நிஜம்.

கட்டையைப் பார்த்ததும் உனக்கு யாரென்று தெரிந்திருக்குமோ என்று நினைக்கும்போதே உடம்பு கூசுகிறது. நீ என்ன திட்டினாலும் தகும்.

அழகிரி

---

ஸ்ரீரங்கம்
17.12.2025

அண்ணனுக்கு,

தெரிந்தது. பாய் கட்டையைத் துடைத்துக் கையில் கொடுத்ததுமே தெரிந்தது. மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 3817. அதன் கீழே 3.9.24. உங்கள் டோக்கன் நம்பர். உங்கள் டிபன் பாக்ஸில், குடையில், சைக்கிள் மட்கார்டில் சின்ன வயசிலிருந்து நான் பார்க்கிற நம்பர். வேலை செய்த துண்டில் ஃபிட்டர் தன் டோக்கனும் தேதியும் போட வேண்டும் என்பது ஃபாக்டரிச் சட்டம் என்பீர்கள். திருட்டு வேலைக்குக்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே அண்ணா. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஷெட் என்றும் பார்க்காமல் அழுதேன். பாய் டீ வாங்கிவரச் சொன்னார்.

நம்பரைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்தேன். ஒரு வாரம் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலிலேயே நின்றேன். சொல்லிவிட்டீர்கள். அதற்காக ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது உண்மை.

இன்னொரு பக்கம் எரிகிறது. புடவை போகட்டும். சம்பந்தியம்மா பேச்சும் போகட்டும், அந்த மாதிரிப் பேச்சுகள் எனக்கு ஒன்பது வருஷமாகப் பழக்கம். நீங்கள் என் புத்தியை என்னிடமிருந்து பிடுங்கினீர்கள். அந்த மோட்டார் வயர் மாதிரியே. அடுப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு அலைந்தேனே, அதை உங்களுக்கு எழுதியபோது எவ்வளவு வெட்கப்பட்டு எழுதினேன் தெரியுமா? வெட்கப்பட வேண்டியவர் நீங்கள். பதினஞ்சு மாதம் உங்கள் வெட்கத்தை நான் சுமந்திருக்கிறேன்.

கட்டையைக் காட்டி ஜெயக்குமாரிடம் நானே சொல்லலாம். நம்புவான். ஆனால் நான் சொல்லமாட்டேன். அவன் அதை உங்கள் வாயால் கேட்டான், உங்கள் வாயாலேயே இதையும் கேட்கட்டும். ஸ்ரீவித்யா வளைகாப்புக்கு அதே ஆட்கள்தான் வருவார்கள். அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் சொன்னீர்களோ, அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். நான் வரமாட்டேன். நான் எதிரில் நின்றால், தங்கச்சி மிரட்டிச் சொல்ல வைத்தாள் என்பார்கள்.

முடியாதென்றால் பதில் எழுத வேண்டாம். சென்னை விலாசம் அனுப்புகிறேன்.

பானுமதி

---

திருவெறும்பூர்
26.1.2026

பானு,

நேற்று வளைகாப்பு முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன். எதையாவது குறைத்து எழுதியிருந்தால் மற்றவர்கள் உனக்குச் சொல்வார்கள்.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு மாதம் சாக்குத் தேடினேன். மகளின் நல்ல நாள், அவள் மனசு கலங்கலாமா? சம்பந்தி முன்னால் அவளுக்குத் தலைகுனிவு ஆகலாமா? எல்லாம் நல்ல சாக்கு. உன் தலை குனிந்தபோது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

வளையல் போட ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்றேன். மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசிவிடலாம் என்று கைகூடப் போய்விட்டது. கழற்றவில்லை. "கல்யாணத்துக்கு முதல் நாள் புடவை நனைஞ்சதுக்குப் பானு காரணமில்லை. கண்ணாடியை நான் சரி பண்ணவே இல்லை. கட்டையை முட்டுக் கொடுத்து அனுப்பினேன். அது எனக்குத் தெரிஞ்சும், அவ மறந்துட்டான்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்" என்றேன். இரண்டாம் தடவையும் சொன்னேன், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது என்று.

பிறகு யாரோ, "ஒரு கட்டைக்கா இவ்வளவு?" என்று சிரித்தார்கள். சம்பந்தியம்மா, "இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்றார்கள். மீனாம்பாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. ஜெயக்குமார் எழுந்து வெளியே போனான். பின்னாலேயே போனேன். "மாமா, எங்க அம்மா போன் நிறைய அடுப்பு போட்டோவா இருக்கும். நான் அதைப் பார்த்து எரிச்சல்படுவேன் மாமா" என்றான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

இன்னொன்று. எல்லோரும் போட்டு முடித்த பிறகு ஸ்ரீவித்யா இரண்டு பச்சை வளையலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது அத்தை போடறதுக்கு" என்றாள். சம்பந்தியம்மா வாயைத் திறந்தார்கள். அவள் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்கள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வளையல் இங்கே இருக்கிறது.

அழகிரி

---

ஸ்ரீரங்கம்
2.2.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

வளைகாப்பு முடிந்த சாயங்காலமே எனக்குப் பதினோரு போன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நீங்கள் எழுதியதில் குறையொன்றுமில்லை. இரண்டு தடவை சொன்னதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன். இப்போதைக்குக் கோபம் இருக்கிறது. முறுக்கு நன்றாக இருந்தது என்பதும் இருக்கிறது.

ஜெயக்குமாரும் போன் செய்தான். கடைசியில், "சென்னைக்கு நீ எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வாம்மா" என்றான். வண்டியை விற்கவில்லை. நேற்று நஜிமுதீன் பாய் ஷெட்டுக்குப் போனேன். புது கேபிள் செட் மாட்டியிருந்தார். "தம்பி போன் பண்ணிட்டாருங்கம்மா" என்று சாவியை என் கையில் வைத்தார். கண்ணாடியை நானே ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஏழெட்டுத் தடவை. பாய் பொறுமையாக நின்றார்.

அந்தக் கட்டையைக் கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்கக் கொடுத்திருக்கிறேன். அதற்கு நன்றாகவே இருக்கிறது. நம்பர் தெரிகிற பக்கம் மேலே.

வருகிற ஞாயிறு ஸ்ரீவித்யாவுக்கு வளையல் போட வருகிறேன். காரில்தான். நீங்கள் வாசலில் நில்லுங்கள். ஆனால் வண்டியைத் தொடக் கூடாது.

ஷெட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. காவேரிப் பாலம் தாண்டிச் சத்திரம் வரை ஓட்டிப் போனேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும் என்று போனேன். அன்றைக்கு நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினேன். கண்ணாடியை ஏற்றினேன். கதவை ஓங்கிச் சாத்திப் பூட்டிவிட்டுப் பூக்கடைக்கு நடந்தேன். திரும்பியே பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பொய் எதற்கு? பாதி வழியில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கண்ணாடி மேலேதான் இருந்தது.

பானு